நான்கு நிமிடப் பழுது

முப்பத்தோராம் எண் பிரதி அவள் மேசைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. இருநூற்று எண்பத்தாறு பக்கம், தட்டச்சு, பச்சை நாடாவால் கட்டியது. கொண்டுவந்து வைத்தவர் பதிப்பக முதலாளி. மற்றப் பிரதிகளை அலுவலகப் பெண் எடுத்து வருவாள். முதலாளி தம் கையால் தூக்கி வந்தால் அதில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று அர்த்தம்.

"இது ராணுவக் கதைங்க," என்றார். "காதலும் இருக்கு, மர்மமும் இருக்கு. முறைப்படி காதல், மர்மமெல்லாம் படிக்கிற நம்ம வாத்தியாருக்குத்தான் போகணும். ஆனா அவருக்குத் துப்பாக்கிக்கும் புல்லாங்குழலுக்கும் வித்தியாசம் தெரியாது. போன தடவை ஒரு கர்னல் சிப்பாய்க்கு சல்யூட் அடிச்சதை அப்படியே விட்டுட்டார். நீங்க ஒன்பது வருஷம் ராணுவ டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவங்க. அடுத்த வெள்ளிக்குள்ள பார்த்துக் குடுங்க."

பதிப்பகத்தில் அவளுக்கு வேலை, அச்சுக்கு வர விரும்பும் நாவல்களைப் படிப்பது. "உக்காந்து கதை படிக்கறதுக்கு ஒரு ஆபீசா" என்று அவள் நாத்தனார் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் ஓர் ஒழுங்கு இருப்பது நாத்தனாருக்குத் தெரியாது. ஒவ்வொரு பிரதியிலும் தலைப்புப் பக்கத்தையும் எழுதியவர் பெயரையும் முதலாளி கிழித்துத் தம் இழுப்பறையில் பூட்டிவிடுவார். படிப்பவருக்கு எண் மட்டுமே தெரியும். படித்து முடித்ததும் ஒரே ஒரு தாள் எழுத வேண்டும். நடுவில் கோடு. இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம். அச்சிடலாம், அச்சிட வேண்டாம் என்று எழுதக் கூடாது. அது முதலாளியின் முடிவு. அந்தத் தாள் தட்டச்சாகி, படித்தவர் பெயர் இல்லாமல், எழுதியவருக்குப் போகும். எழுதியவர் யாரென்று படிக்கும்போது தெரிந்துவிட்டால் அன்றைக்கே பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் அப்படித் திருப்பியது இரண்டு முறை. அதில் ஒன்று அவளுடைய பல் டாக்டர் எழுதியது. அந்த நாவலில் நல்லவர்கள் எல்லாரும் இரண்டு வேளை பல் துலக்கினார்கள்.

முப்பத்தோராம் எண்ணின் கதை இதுதான். ஒரு ராணுவ லாரி டிரைவர். ஒரு டெலிபோன் ஆப்பரேட்டர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குரலிலேயே காதல். லாரிகள் புறப்படும் நேரத்தை யாரோ எதிரிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாலத்தில் வெடி வைத்திருக்கிறார்கள். லாரிகள் பாலத்தை நோக்கிப் போகின்றன.

பக்கம் முப்பத்தொன்றில் டிரைவர் எஞ்சின் எண்ணெயில் சுண்டு விரலை விட்டு முகர்ந்து பார்த்து, விரலை இடது காலுறையில் துடைத்துக்கொண்டான்.

அவள் படிப்பதை நிறுத்தினாள். எண்ணெய் விரலைக் காலுறையில் துடைக்கும் டிரைவர்கள் உலகத்தில் இரண்டு பேர் இருக்க முடியாது. அந்தக் கறையோடு இருபத்தைந்து வருடமாகத் துவைக்கும் கல்லில் போராடுகிறவள் அவள்.

ஒன்றரை வருடமாகக் கணவர் மாலை ஐந்து மணிக்குத் துணிப்பையோடு தட்டச்சு நிலையத்துக்குப் போய்வந்தார். "ஓய்வூதிய மனு" என்றார். இருநூற்று எண்பத்தாறு பக்கத்துக்கு ஓய்வூதியம் கேட்கும் மனுஷன் யார் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வாத்தியார் கைக்குத்தான் போகும், மனைவி சிபாரிசு என்ற பேச்சு வராது என்று நம்பி அனுப்பியிருக்கிறார்.

பிரதியை மறுபடி கட்டி, முதலாளியின் அறை வாசல் வரை போனாள். அவர் தொலைபேசியில் இருந்தார். ஒரு நிமிடம் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாடாவை அவிழ்த்தாள். காரணம், பக்கம் இருபத்தெட்டில் டெலிபோன் கம்பிப் பழுது பார்க்கும் ஒரு லைன்மேன் நொண்டிக்கொண்டே வந்திருந்தான். அவனைக் கதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்க்காமல் அவளால் எழுந்திருக்க முடியாது.

அந்த வாரம் முழுக்க அவள் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. படித்துக்கொண்டே எழுந்து ஜன்னலுக்குப் போவாள், கதவைச் சாத்துவாள், திறப்பாள், தண்ணீர் குடிக்காமலே குவளையைக் கழுவி வைப்பாள். வீட்டிலும் அதே கதை. ஒரு கூரையின் கீழ் இரண்டு பேர் குட்டி போட்ட பூனை போல் சுற்றிச் சுற்றி வந்தார்கள், காரணத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

"ஏம்மா, உங்க ஆபீசுல ஒரு நாவல் படிக்க எத்தனை நாளாகும்?" என்று கணவர் செவ்வாய்க்கிழமை கேட்டார். காலையில் அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். அன்றைக்கு ஒரு மாணவி வண்டியை வேலியில் ஏற்றியதைக்கூடச் சொல்லாமல் இதைக் கேட்டார்.

"நாவலைப் பொறுத்தது."

"நல்ல நாவலா இருந்தா?"

"நல்லதுக்குத்தான் ரொம்ப நாளாகும்."

அவர் முகம் மலர்ந்தது. புதன்கிழமை மறுபடி கேட்டார்: "வாத்தியார் உடம்பு சௌகரியமா இருக்காரா?" அவருக்கு என்ன என்றாள். "இல்ல, சும்மா. வயசானவர். வேலை தாமதமாகுமேன்னு."

இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்கு அவள் வியாழன் மதியம் இரண்டு மணிக்கு வந்தாள். பாலத்துக்கு முன்னால் கடைசி செக்போஸ்ட். அங்கே போகும் டெலிபோன் லைன் ஒன்றே ஒன்று. அதில் ஓர் உயரதிகாரி பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென லைன் பழுதாகிறது. நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில், எப்படி என்று யாருக்கும் தெரியாமல், செக்போஸ்ட்டுக்குச் செய்தி வந்துவிடுகிறது. காவலாளி சிவப்புக் கொடியோடு ஓடி வந்து லாரிகளை மறிக்கிறான். 'விதி ஒரு கணம் கண் திறந்தது' என்று கணவர் எழுதியிருந்தார். ஆப்பரேட்டர் அப்போது எக்ஸ்சேஞ்ச் ஜன்னலில் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தாள்.

நிஜ ஆப்பரேட்டர் அழவில்லை. அது அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

இருபத்தாறு வருடம் முன்பு, மழைக்காலம், பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு. நிஜத்தில் வெடி கிடையாது. வெள்ளத்தில் பாலத்தின் நடுத்தூண் இறங்கிவிட்டது. ஆற்றங்கரைக் காவல் நிலையத்திலிருந்து அவளுக்குத் தகவல் வந்தது. நான்கு லாரிகள், பதினாறு ஆட்கள், பாலத்துக்கு இருபது நிமிடத் தொலைவு. செக்போஸ்ட் வழியாக அடுத்த ஊருக்கும் போகும் அந்த லைனில் உயரதிகாரி தம் தம்பியோடு வீட்டுக்கு எந்த நிறத்தில் ஜன்னல் திரை வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி பேசும்போது லைனைத் துண்டிக்க ஆப்பரேட்டருக்கு உரிமை இல்லை. மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். மேற்பார்வையாளர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவள் இரண்டு முறை லைனில் நுழைந்து "அவசரம் சார்" என்றாள். இரண்டு முறையும் அதட்டல் வாங்கினாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. அவர் பேச்சை இணைத்திருந்த வயரைப் பிடுங்கினாள். அதே லைனில் செக்போஸ்ட்டுக்குச் சொன்னாள். நான்கு நிமிடம் கழித்துத் திரும்பச் செருகினாள். அதிகாரி கத்தியபோது, "லைன் பழுது சார்" என்றாள். பதிவேட்டிலும் அப்படியே எழுதினாள்: 3.42 முதல் 3.46 வரை லைன் பழுது.

எழுதும்போது அவள் மறந்தது ஒன்றுதான். பதிவேட்டில் பழுது என்று விழுந்தால் லைன்மேனுக்கு வேலைச்சீட்டுப் போகும். சீட்டுப் போனால் அவன் பழுதைக் கண்டுபிடித்தாக வேண்டும். அறுபத்து மூன்று கம்பம், கொட்டும் மழை, இரண்டு நாள். இரண்டாம் நாள் மாலை நாற்பத்தொன்றாம் கம்பத்திலிருந்து லைன்மேன் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கால் ஒன்றேகால் அங்குலம் குறைந்தது.

ஆனால் அவர் விழுவதற்கு முன் சீட்டில் எழுதியிருந்தார்: '41இல் இணைப்புத் தளர்வு. சரி செய்யப்பட்டது.' மறுநாள் அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து அவள் அந்த வரியைத் தாயத்து மாதிரி பிடித்துக்கொண்டாள். பழுது நிஜமாகவே இருந்திருக்கிறது. அப்படியானால் எப்படியும் அவர் ஏறத்தான் வேண்டியிருந்திருக்கும். பகலில் இதை நம்பினாள். லைன்மேன் படியேறி வரும் சத்தம் கேட்டால் நம்ப முடியவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

லைன்மேனுக்குப் பட்டாளத்தில் வைத்த பட்டப்பெயர் கம்பம். அது அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கணவருக்குச் சீட்டாட்டக் கூட்டாளி. ஞாயிறு தவறாமல் வருவார். அவளைத் "தங்கச்சி" என்பார். பதினெட்டு வருடமாக அவள் அவருக்குத் தேநீர் கொடுத்திருக்கிறாள், ஒரு தடவைகூட அவர் காலைப் பார்த்துக் கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவள் தாளின் நடுவில் கோடு போட்டாள். இடப்பக்கம் எளிதாக வந்தது. 'டிரைவரின் இருக்கையில் வாசகரும் உட்கார்ந்திருக்கிறார். மலைப்பாதையில் கியர் மாறும் ஒவ்வொரு இடமும் நம்பும்படி இருக்கிறது. பயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமலே பயம் வருகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் இருவரும் வானிலை அறிக்கையை மட்டுமே பேசிக்கொள்ளும் டெலிபோன் உரையாடல் இந்தப் புத்தகத்தின் மிக நல்ல காதல் காட்சி.' இதை எழுதும்போது அவள் காது சிவந்தது. அந்த வானிலைப் பேச்சு அவர்கள் இருவருக்கும் நிஜமாகவே நடந்தது.

வலப்பக்கம் முதலில் கை விறுவிறுவென்று ஓடியது. 'துரோகி யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. நாவலில் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான். நிலா பதினான்கு முறை வருகிறது, அதில் மூன்று முறை அமாவாசைக்கு அடுத்த நாள். கதாநாயகி பதினோரு இடத்தில் அழுகிறாள். அவள் தொழில் டெலிபோன், ஆனால் பின்பாதியில் ஓர் இடத்திலும் டெலிபோனை எடுக்கவில்லை. லைன்மேன் நொண்டுவதைக் காட்டிச் சிரிக்கும் ஏழு இடங்களையும் எடுத்துவிடலாம்.'

பேனா நின்றது. சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி. படிக்கத் தெரிந்த எவரும் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எழுதாமல் விட்டால் புத்தகம் பெரும்பாலும் அச்சாகும். முதலாளிக்கு லாரிக் காட்சிகள் பிடித்துவிடும். யாரும் கிளற மாட்டார்கள். எழுதினால் தாள் நேரே வீட்டுக்கு வரும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். அவள் எழுந்து ஜன்னல் வரை போனாள். நாலு தடவை போனாள். பதினோரு வருடத்தில் எந்தப் பிரதியிலும் கண்ணில் பட்ட ஓட்டையை எழுதாமல் விட்டதில்லை. யாரோ ஒருத்தருடைய முதல் நாவலுக்குச் செய்யாத துரோகத்தைக் கட்டிய புருஷனுடைய முதல் நாவலுக்குச் செய்வதா?

மூன்று ஐம்பதுக்கு எழுதினாள்: 'லைன் பழுதாக இருந்த அதே நான்கு நிமிடத்தில், அதே லைனில், செக்போஸ்ட்டுக்குச் செய்தி போனது எப்படி? இதற்குப் பதில் இல்லாத வரை நாவல் விதியின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதுவே மிகப் பெரிய பலவீனம்.'

தாள் வீட்டுக்கு வர எட்டு நாள் ஆயிற்று. மறுநாள் ஞாயிறு.

கம்பம் வந்து சீட்டைக் கலைத்துப் போட்டிருந்தார். கணவர் கையில் சீட்டைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். "நான் ஒரு நாவல் எழுதினேன்," என்றார், திருடிவிட்டேன் என்பது போல.

"நீயா?" என்றார் கம்பம். "நீ கடிதாசி எழுதினாலே பாதிக்கு மேல புரியாதேய்யா."

"நம்ம பட்டாளத்துக் கதை. இவ ஆபீசுக்குத்தான் அனுப்பினேன், வேற பேர்ல, தட்டச்சு நிலையத்து விலாசம் போட்டு. எவனோ ஒரு மடையன் படிச்சுட்டு எழுதியிருக்கான். கேளு." நிலாவைப் படித்தார். "நிலாவை எண்ணியிருக்கான்யா. இவனெல்லாம் கல்யாணம் பண்ணியிருப்பானா?"

அவள் தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். வைத்த கையை எடுக்க மறந்துவிட்டாள்.

"லைன்மேன் நொண்டுவதைக் காட்டிச் சிரிக்கும் ஏழு இடங்களையும் எடுத்துவிடலாம்," என்று கணவர் படித்து, சட்டென்று நிறுத்தினார்.

"என்னையா வெச்சு எழுதியிருக்க?" கம்பம் சீட்டைக் கீழே வைத்தார். "ஏழு இடம்தானா? பட்டாளத்துல ஒரு நாளைக்கே ஏழு தடவை சிரிப்பானுங்க. சரி, மேல படி."

கணவர் கடைசிப் பலவீனத்தைப் படித்தார். படித்துவிட்டுத் தாளை மேசையில் தட்டினார். "நடந்ததை எழுதினா நம்ப மாட்டேங்கறான். லைன் செத்துச்சு. செய்தி வந்துச்சு. கொடியைக் காட்டினாங்க, நான் பிரேக் அடிச்சேன். இதுல எங்க இருக்கு ஓட்டை?"

கம்பம் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "அவன் கேக்கறது சரிதானே," என்றார். "லைன் செத்திருந்தா எந்த லைன்ல செய்தி வந்துச்சு? அங்க போனது ஒரே லைன். நான் கட்டின லைன்யா அது."

"ரேடியோவா இருக்கும்."

"அந்த செக்போஸ்ட்டுல ரேடியோ ஏது? ஒரு முக்காலியும் ஒரு நாயும்தான் இருந்துச்சு."

கணவர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அன்னைக்கு நீதானே டூட்டி. சொல்லேன், என்னதான் நடந்துச்சு?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்த வீட்டில் சீட்டு மேசைக்கு முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "அந்த மடையன் நான்தான்," என்றாள். "தாள் நான் எழுதினது." அவள் நிறுத்தவில்லை; நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது. திரைத்துணி, இரண்டு அதட்டல், வயர், பதிவேடு, எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னாள். "லைன் பழுதே இல்லை. நான்தான் பிடுங்கினேன். பழுதுன்னு எழுதினதும் நான்தான்." பிறகு கம்பத்தின் முகத்தைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்குச் சீட்டு வந்தது அதனாலதான்," என்றாள்.

"சரி," என்றார் கம்பம்.

கீழே வைத்த சீட்டைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"சரி," என்றார் மறுபடி. "அப்போ நாப்பத்தொண்ணுல ஒண்ணும் இல்லை."

"நீங்கதானே அண்ணே எழுதினீங்க, இணைப்புத் தளர்வுன்னு. நான் அதைப் பார்த்து…"

"எழுதினேன். ரெண்டு நாள் ஏறி இறங்கினேன், ஒண்ணும் அகப்படலை. வெறுங்கையோட எப்படித் திரும்பறது? நல்லா இருந்த இணைப்பை நானே பிரிச்சு, நானே முறுக்கினேன். முறுக்கிட்டு, சீட்டுல எழுதிட்டு இறங்கும்போதுதான் வழுக்குச்சு."

இருபத்தாறு வருடமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த தாயத்து அங்கேயே அறுந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கால் போனது போகட்டும்," என்றார் கம்பம். குரல் உயரவில்லை. "நீ பிடுங்கலைன்னா இந்த ஆள் ஆத்தோட போயிருப்பான். அது எனக்குப் புரியாம இல்லை. ஆனா தங்கச்சி, பன்னெண்டு வருஷ சர்வீசுல நான் தேடிக் கிடைக்காத பழுது அது ஒண்ணுதான். எல்லாரும் கம்பம் கம்பம்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும். எனக்குத் தொழில் தெரியலையோ, எங்கேயோ என் கண்ணுல படாம ஒரு கம்பி அறுந்து கிடந்துச்சோன்னு. இன்னைக்கு வரைக்கும் கடையில ஒரு மின்விசிறியைச் சரி பண்ணினாக்கூட மூணு தடவை கழட்டிப் பார்ப்பேன். பதினெட்டு வருஷமா இந்த வீட்டுல டீ குடிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். படியிறங்கும் சத்தம், ஒரு கால் அழுத்தி, ஒரு கால் லேசாக, தெருமுனை வரை கேட்டது.

கணவர் தாளை நான்காக மடித்து, மறுபடி பிரித்தார். "நீ யாருக்காகப் பிடுங்கின?" என்று கேட்டார் கடைசியில். "பாலத்துக்காகவா?"

"வண்டி லிஸ்ட் என் முன்னாலதான் இருந்துச்சு," என்றாள். "உங்க பேரைப் பார்த்துக்கிட்டேதான் பிடுங்கினேன்."

"இதை எழுதாம நான் நிலாவை எழுதியிருக்கேன் பாரு," என்றார் அவர். பிறகு, "இப்ப எழுதட்டுமா?"

"அண்ணன்கிட்ட கேட்காம ஒரு எழுத்து எழுதாதீங்க."

மறுநாள் அவள் முதலாளியிடம் போய், முப்பத்தொன்று தன் கணவர் எழுதியது, தெரிந்தும் திருப்பவில்லை என்றாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சா இப்படி வலப்பக்கம் பூரா நிரப்பினீங்க? வீட்டுல சோறு கிடைக்குதா?" என்றார். விதி விதிதான்; ஆறு மாதத்துக்கு அவளுக்கு நாவல் கிடையாது, தோட்டக்கலைப் புத்தகங்கள்தான். முப்பத்தொன்றைத் திருத்தி அனுப்பினால் வாத்தியார் படிப்பார். "செடிக்குக் கண்ணீர் கிடையாது," என்றார் முதலாளி, "அந்த மட்டும் உங்களுக்கு நிம்மதி."

நிம்மதி எங்கே இருந்தது? அடுத்த ஞாயிறு கம்பம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கணவர் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகக் கலைத்தார். தட்டச்சு நிலையத்துக்கும் போகவில்லை. அவள் ஞாயிறு மதியமெல்லாம் மாடிப்படிக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். தெருவில் யார் நடந்தாலும் ஒரு கால் அழுத்துகிறதா என்று காது தேடியது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவர் கடைக்குப் போனாள். எட்டடிக்குப் பத்தடிக் கடை. சுவரில் கழற்றிய இறக்கைகள். மேசையில் பிரித்துப் போட்ட ஒரு மேசை விசிறி. கம்பம் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நூத்தி இருபத்தாறு, நூத்தி இருபத்தேழு," என்றார். சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் நின்றாள். முன்னூறு வரை நின்றாள்.

"உக்காரு," என்றார், முக்காலியைக் காலால் தள்ளி.

"மன்னிப்புக் கேக்க வரலை அண்ணே. கேட்டா நீங்க குடுத்துடுவீங்க, எனக்குத் தெரியும். அது வேண்டாம். நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, அதைச் செய்யறேன்."

கம்பம் கம்பியின் நுனியை ஓர் ஆணியில் சுற்றி நிறுத்தினார். யோசித்து வைத்திருந்தவர் போலச் சொன்னார்: "பழுதுன்னு எழுதினது நீதானே. எழுத்துல இருக்கு. சரி பண்ணினேன்னு நான் எழுதின பொய்யும் எழுத்துல இருக்கு. நீ வாயால சொன்னது காத்தோட போச்சு. எழுதிக் குடு."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். அவள் தேதியிலிருந்து தொடங்கினாள். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிற்பகல்னு போடு. வெறும் மூணு நாப்பத்திரண்டுன்னா ராத்திரியா பகலான்னு எவனாவது கேப்பான்."

போட்டாள். லைனில் எந்தப் பழுதும் இல்லை என்று எழுதினாள். வயரைத் தானே எடுத்ததாகவும், பதிவேட்டில் எழுதியது பொய் என்றும் எழுதினாள். 'அறுபத்து மூன்று கம்பங்களிலும் இணைப்புகள் நல்ல நிலையில் இருந்தன' என்று எழுதியபோது அவர் குறுக்கிட்டார். "அது உனக்கு எப்படித் தெரியும்? நீ ஏறியா பார்த்த? 'லைன்மேன் சோதித்தபடி'ன்னு போடு." அதையும் போட்டாள். கையெழுத்திட்டாள். தன் பழைய ஆப்பரேட்டர் எண்ணைக் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்.

அவர் தாளை வாங்கி, வெளிச்சத்துக்காகக் கடை வாசலுக்குப் போய் இரண்டு முறை படித்தார். அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு," என்றார் முதுகைக் காட்டியபடியே. "எழுதட்டும். நொண்டின்னு ஏழு இடம் இருந்தா ஏழும் இருக்கட்டும், கூட ரெண்டு வேணாலும் போட்டுக்கட்டும். ஆனா பழுதைத் தேடித் தோத்தவன்னு ஒரு இடத்துல வந்துச்சு, அவனை லாரியோட ஆத்துல தள்ளுவேன்."

"ஞாயித்துக்கிழமை வருவீங்களா அண்ணே?"

"அது வேற, இது வேற. கோபம் தீரலை. தீர்ந்தா வர்றேன்."

அவள் சரி என்று எழுந்தாள். அப்போது இஸ்திரிப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தையல்காரர் உள்ளே வந்தார். சூடே ஏறவில்லை, இன்றைக்கே வேண்டும், சட்டை எட்டு காத்திருக்கிறது என்றார். கம்பம் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார்.

"அதைப் பார்க்கறேன். முதல்ல இதைப் படிங்க."

தையல்காரர் தாளைத் தூரத்தில் பிடித்து, உதடு அசையப் படித்தார். பாதியில் அவளை ஒரு தடவை பார்த்தார். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கு," என்றார். "ஆனா யாருங்க இந்த லைன்மேன்?"

"நான்தான்," என்றார் கம்பம். "இன்னொரு தடவை படிங்க, கொஞ்சம் சத்தமா."